கைப்பையில் கத்தி எதற்கு?



மேலப்பாளையத்திலிருந்து ஒரு தாயார் எழுதியுள்ள கடிதம் என் மேசை மீது இருக்கிறது. அவருடைய மகள் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு கணினி நிறுவனத்தில் பணியாற்றுகிறார். பணி முடிந்து விடுதிக்குத் திரும்ப இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிடுகிறதாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுதி வரை பத்து நிமிட நடை. அதில் பாதி தூரத்திற்கு விளக்கில்லை. துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த தாய்மாமா, மருமகளுக்கென்று ஒரு மடக்குக் கத்தியை அன்பளிப்பாகத் தந்து, "இதை எப்போதும் கைப்பையில் வைத்துக்கொள், யாருக்கும் பயப்பட வேண்டாம்" என்று கூறிச் சென்றிருக்கிறார். "இதை வைத்துக்கொள்வது சட்டப்படி சரியா? சரியென்றால், இதைவிட நல்ல கத்தி எது?" என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

இதே பொருளில் வாணியம்பாடியிலிருந்து ஒரு துணி வியாபாரியும் எழுதியிருக்கிறார். கடையடைத்து, அன்றைய விற்பனைப் பணத்துடன் ஸ்கூட்டரில் வீடு திரும்புபவர் அவர். இருக்கைக்கு அடியில் ஒரு பிச்சுவாவை உறையோடு வைத்திருக்கிறாராம். அதை எடுக்க நேர்ந்ததே இல்லையாம். ஆயினும் அது இருக்கிறது என்பதில் ஒரு நிம்மதியாம்!

என் விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். கத்தி ஒரு நல்ல கருவி; பாதுகாப்புக்கு அது மிக மோசமான துணை. மாமாவின் அன்பில் குறையில்லை. அவர் தேர்ந்தெடுத்த பொருளில்தான் குறை இருக்கிறது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளையும் 'ஆயுதம்' என்கிறது. தற்காப்புக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். "நான் யாரையும் தாக்க அல்ல, என்னைக் காத்துக்கொள்ளத்தான் வைத்திருக்கிறேன்" என்று கூறிவிட்டால் அந்தப் பொருள் ஆயுதம் அல்லாமல் போய்விடுவதில்லை. வீட்டு உபயோகத்திற்கும் விவசாயத்திற்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை அதே சட்டம் விலக்கி வைக்கிறது. சாதாரண கைத்தடியை அது பெயர் சொல்லியே விலக்குகிறது. அதனால்தான் நம் வீட்டு அரிவாள்மனைக்கும், தென்னை ஏறுபவரின் இடுப்பிலுள்ள அரிவாளுக்கும் யாரும் உரிமம் கேட்பதில்லை.

அளவும் உண்டு. ஆயுத விதிகளின் பட்டியலில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைக் கொண்ட கத்தி, வாள், குத்துவாள் முதலியவை இடம்பெறுகின்றன. மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம். உங்கள் பகுதி அத்தகையதா என்பதை அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இதற்கும் மேலாக, ஊரில் பதற்றம் ஏற்படும்போது முன்பு 144 தடையுத்தரவு என்றோமே, அது 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவாகி இருக்கிறது. அந்த உத்தரவின் மூலம் பொது இடத்தில் எந்த ஆயுதத்தையும் கொண்டு செல்லத் தடை விதிக்க முடியும். நேற்று வரை யாரும் கேட்காத கத்திக்கு இன்று கேள்வி வரும்.

தில்லியில் நிலைமை இன்னும் கடுமை. பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தி போன்ற வகைகள், 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் அவற்றைச் செய்யவும் விற்கவும் விற்பனைக்கு வைத்திருக்கவும் 1980இலேயே அங்கே தடை விதிக்கப்பட்டது. 7.62 சென்டிமீட்டர் என்பது வெறும் மூன்று அங்குலம்!

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. பொத்தான் கத்தி என்றதும் பழைய இந்திப் படங்களின் வில்லன் நினைவுக்கு வருகிறார் அல்லவா? அவர் கையிலிருந்தது பெரும்பாலும் 'ராம்பூரி'. நவாபுகள் ஆண்ட ராம்பூர் சமஸ்தானத்துக் கைவினைஞர்களின் படைப்பு அது. நூல்களுக்குப் பெயர்பெற்ற ரஸா நூலகம் இருக்கும் அதே ஊர்தான். திரைப்படம் அந்தக் கத்தியை ரௌடியின் சின்னமாக்கியது. 4.5 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு செய்வதை உத்தரப் பிரதேச அரசு தடுத்ததும், அந்தத் தொழில் தேய்ந்தது. பல தலைமுறைகளின் கைத்திறன் சில கடைகளுக்குள் ஒடுங்கிவிட்டது. 2023இல் அந்த ஊரின் ஒரு சந்திப்பில் ஆறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள மாபெரும் கத்தி ஒன்றை நிறுவி, அதற்குக் கத்திச் சதுக்கம் என்று பொருள்படும்படி 'சாக்கு சௌக்' என்றே பெயரிட்டார்கள். அழகாகச் செய்யப்பட்ட ஒரு பொருள் எந்தக் கையில் காட்சி தருகிறது என்பதைப் பொறுத்தே உலகம் அதை மதிப்பிடுகிறது.

சரி, சட்டம் தடுக்காத சிறிய கத்தி என்றே வைத்துக்கொள்வோம். அது அந்தப் பெண்ணைக் காக்குமா?

மடக்குக் கத்தியை எடுத்து மேசை மீது வையுங்கள். அதன் அலகை விரிக்க என்ன செய்கிறீர்கள்? ஒரு கையால் பிடியைப் பற்றி, மறு கையின் நகத்தை அலகிலுள்ள பள்ளத்தில் கொடுத்து இழுக்கிறீர்கள். அதாவது இரண்டு கைகளும் வேண்டும். கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும். நடுங்காத விரல்களும் வேண்டும். எதிரே ஒருவன் ஏற்கெனவே ஒரு கையைப் பற்றிவிட்ட நிலையில் இம்மூன்றில் எது மிஞ்சும்? அதற்கும் முன்பு அந்தக் கத்தி கைப்பையின் அடியில், சீப்புக்கும் சாவிக்கொத்துக்கும் கைபேசி சார்ஜருக்கும் கீழே கிடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி நகரக் காவல்துறையில் டென்னிஸ் டுல்லர் என்ற அதிகாரி இருந்தார். 21 அடி தூரத்தில் நிற்கும் ஒருவன் ஓடிவந்து நம்மைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவர் சோதித்துப் பார்த்து, 1983இல் எழுதினார். ஏறத்தாழ ஒன்றரை வினாடி! இடுப்பு உறையில் துப்பாக்கி வைத்திருக்கும் பயிற்சி பெற்ற காவலருக்கே அந்த நேரம் போதுமா என்பதுதான் அவருடைய கேள்வி. கைப்பையின் ஜிப்பைத் திறக்க நமக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது பூட்டு. மலிவான மடக்குக் கத்திகள் பலவற்றில் விரிந்த அலகை நிறுத்திவைக்கும் பூட்டு இல்லை. ஒரு வில் மட்டுமே அழுத்திப் பிடித்திருக்கும். பழம் நறுக்க அது போதும். அழுத்திக் குத்தினாலோ, அலகு மீண்டும் மடங்கி, பிடித்திருப்பவரின் விரல்களையே வெட்டும். பூட்டு இருந்தாலும் இன்னொரு ஆபத்து மிஞ்சுகிறது. கைக்கும் அலகுக்கும் இடையே தடுப்பு இல்லாத கத்தியில், வியர்வையிலோ மழையிலோ நனைந்த கை முன்னோக்கி வழுக்கி அலகின் மீதே செல்லும். சமையலறையில் இறைச்சி நறுக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கத்தியைப் பயன்படுத்த வேண்டுமானால் எதிரியின் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பது அவனிடமிருந்து விலகிச் செல்வதில் இருக்கிறது. கத்தியோ அவரை அவன் அருகிலேயே நிறுத்திவைக்கிறது. அதைக் காட்டி மிரட்டினால் ஓடிவிடுவான் என்பது திரைப்படக் கணக்கு. ஓடாமல் மணிக்கட்டைப் பற்றித் திருகினால், கத்தி கை மாறிவிடும். அதுவரை பணத்துக்கோ கைபேசிக்கோ நடந்த வழிப்பறி, அந்த நொடியில் உயிருக்கான போராட்டமாகிவிடும். மேலும், கத்திக்கு அளவு தெரியாது. கையிலோ தொடையிலோ பட்ட ஒரு வெட்டு பெரிய இரத்தக்குழாயைத் தொட்டுவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். 'சும்மா ஒரு கீறல்' என்று திட்டமிட்டுக் கீற எவராலும் இயலாது.

அதன் பிறகு காவல் நிலையம் வரும். தற்காப்பு உரிமை நமக்கு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, நன்றாகவே உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இடம்பெற்றுள்ளன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பாலியல் வன்கொடுமைக்கோ ஆட்கடத்தலுக்கோ அமில வீச்சுக்கோ நியாயமான அச்சம் ஏற்படும்போது, தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீள்கிறது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் எல்லைகளைத் தெளிவாகவே வகுத்தது. அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை; நியாயமான அச்சமே போதும். ஆனால் இந்த உரிமை தடுப்பதற்கானது, பழிவாங்குவதற்கானது அன்று. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது இந்த உரிமையே எழுவதில்லை.

இந்த எல்லைகள்தாம் கத்தியைச் சிக்கலாக்குகின்றன. வெறுங்கையால் ஒருவரைக் காயப்படுத்தினால் புதிய சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. அதே காயத்தைக் குத்தும் அல்லது வெட்டும் கருவியால் ஏற்படுத்தினால் 118ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை. தற்காப்பு நிரூபணமானால் இரண்டும் இல்லை என்பது உண்மையே. ஆனால் அதை நிரூபிக்கும் வரை நீதிமன்றத்திற்கு அலைவது யார்? "கத்தியை எதற்காக வைத்திருந்தாய்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். "பழம் நறுக்க" என்ற விடை பொய்யாக இருந்து, "தாக்க வந்தால் குத்த" என்ற விடை உண்மையாக இருந்தால், அந்தப் பெண் எதைச் சொல்வார்? உண்மையைச் சொல்லத் தயங்க வைக்கும் ஒரு பொருளை நம் பிள்ளையின் பையில் நாமே வைத்தனுப்பலாமா?

கத்தி வேண்டாம் என்றதும், "அப்படியானால் சாவி?" என்று கேட்பார்கள். சாவிகளை விரல் இடுக்குகளில் நீட்டிப் பிடித்துக் குத்த வேண்டும் என்ற யோசனை நெடுநாளாக வாய்மொழியாகப் பரவி வருகிறது. செய்து பாருங்கள்! ஒரு தலையணையைக் குத்தினாலே சாவி புரண்டு நம் விரல் எலும்பைத்தான் நோகச் செய்யும். சாவிக்கு வேறோர் உயர்ந்த பயன் இருக்கிறது. விடுதி வாசலை அடையுமுன்பே அது கையில் தயாராக இருந்தால், கதவருகே நின்று பையைத் துழாவும் அந்த அரை நிமிடம் மிச்சமாகிறது.

ஊக்கு விஷயத்தில் நான் ஏளனம் செய்யத் துணியமாட்டேன். நெரிசலான பேருந்தில் வேண்டுமென்றே உரசுபவனுக்கு, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கு தந்த பாடங்களை நம் தாய்மார்களின் தலைமுறை நன்கறியும். இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் தொப்பியில் செருகும் நீண்ட ஊசியை இதற்கே பயன்படுத்தினார்கள். ஆண்கள் அலறியதில், தொப்பிக்கு வெளியே அரை அங்குலத்துக்கு மேல் ஊசி நீளக்கூடாது என்று சிகாகோ நகர மன்றம் 1910இல் விதி செய்தது. கைநீட்டியவனை விட்டுவிட்டு ஊசியை அளந்தார்கள்! ஊக்கின் பயன் அந்த நெரிசலோடு முடிந்துவிடுகிறது. சுற்றிலும் மக்கள் இருக்கும் இடத்தில் அது எச்சரிக்கை. ஆளரவமற்ற தெருவில் அது எரிச்சலூட்டும் ஒரு குத்து, அவ்வளவே.

மிளகாய்ப்பொடிப் பொட்டலம்? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து எறிய யாருக்கு நேரம் இருக்கும்? பொட்டலத்தைப் பிரிக்கவும் இரண்டு கைகள் வேண்டும். அதே மிளகாயின் காரச்சத்தை அழுத்தத்தில் அடைத்த பெப்பர் ஸ்பிரே, இதைவிடப் பலமடங்கு மேலானது. சில அடி தொலைவில் நின்றே பயன்படுத்தலாம். கண்ணைத் திறக்கவிடாத எரிச்சலைத் தரும். உயிரைப் பறிப்பது அரிது. நம் நாட்டில் கடைகளிலேயே கிடைக்கிறது. ஆனால் குப்பியின் மீதுள்ள காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். பழையதாகிவிட்டால் அழுத்தம் குறைந்து, பீய்ச்ச வேண்டியது ஒழுகும். ஆட்டோவுக்குள்ளோ மின்தூக்கிக்குள்ளோ அடித்தால் அடித்தவருக்கும் மூச்சு முட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இதைக் கொடுக்கும் முன் இருமுறை யோசியுங்கள். இதையும் விளையாட்டுப் பொருளாக எண்ணிவிடக் கூடாது. ஒரு சொத்துத் தகராறில் பெப்பர் ஸ்பிரே பயன்படுத்தியவர்கள் தங்கள் மீதான வழக்கை ரத்து செய்யக் கோரியபோது, 2024இல் கருநாடக உயர் நீதிமன்றம் அதை அபாயகரமான ஆயுதமாகவே கருதி மறுத்துவிட்டது. உயிருக்கு அச்சுறுத்தல் இல்லாத இடத்தில் அதைத் தற்காப்பு என்று கூறிவிட முடியாது.

நான் அந்தத் தாயாருக்குப் பரிந்துரைப்பவை மிகச் சாதாரணமானவை. ஒன்று, நல்ல ஒளியுள்ள சிறிய டார்ச் விளக்கு. விளக்கில்லாத அந்த ஐந்து நிமிடப் பாதையில் அது நாள்தோறும் பயன்படும். பள்ளத்தைக் காட்டும், நாயைக் காட்டும், மறைவில் நிற்பவனையும் காட்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் பாய்ச்சினால் சில நொடிகள் அவனுக்கு எதுவும் தெரியாது. மற்றொன்று ஒரு விசில். சாவிக்கொத்தில் கோத்ததாக, கைக்கு எட்டுவதாக. அச்சத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும், குரல் எழாது. மூச்சு இருக்கும் வரை விசில் ஊதலாம். மழைக்காலமானால் நீண்ட காம்புடைய குடை. அது இருவருக்கும் இடையே ஒரு கை நீளத் தூரத்தை உண்டாக்குகிறது. எந்தக் காவலரும் அதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்கமாட்டார்.

கைபேசியையும் பழக்கிக்கொள்ள வேண்டும். 2016இல் வந்த விதியின்படி, விற்பனைக்கு வரும் கைபேசிகளில் அவசர அழைப்புக்கான வசதி இருக்க வேண்டும். பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் பக்கவாட்டுப் பொத்தானை அடுத்தடுத்து அழுத்துவது, பொத்தான் கைபேசிகளில் 5 அல்லது 9 என்ற எண்ணை அழுத்திப் பிடிப்பது என்று அது அமையும். 112 என்பது நாடு முழுவதற்குமான அவசர எண்; பெண்களுக்கான உதவி எண் 181. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி 2022இல் வெளியிடப்பட்டது. இவற்றை இறக்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. அத்தாவோ அண்ணனோ உடனிருக்க, எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்துவது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். அந்த விளக்கில்லாத தெருவுக்கு விளக்கு கேட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதவும் மறக்க வேண்டாம். விடுதியிலுள்ள அத்தனை பெண்களும் கையெழுத்திட்டால் அந்த மனுவுக்குக் கனம் கூடும்.

வாணியம்பாடிச் சகோதரருக்கு ஒரு சொல். உங்கள் பிச்சுவா இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வண்டியை நிறுத்தி, இறங்கி, சாவி போட்டுத் திறக்கும் வரை வழிப்பறிக்காரன் காத்திருக்கமாட்டான். ஆனால் வாகனச் சோதனையில் காவலர் அதை எளிதில் கண்டெடுப்பார்! அன்றாடம் ஒரே நேரத்தில் ஒரே வழியில் செல்லாதீர்கள். பணத்தில் பெரும்பகுதியைப் பகலிலேயே வங்கியில் செலுத்திவிடுங்கள். மறித்துப் பணம் கேட்டால், பையை ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் சென்றுவிடுங்கள். அவன் பையின் பின்னே போவான். நீங்கள் பிள்ளைகளிடம் போவீர்கள்.

மாமா தந்த கத்தியை என்ன செய்வது? தாராளமாக வைத்துக்கொள்ளட்டும், விடுதி அறையில்! ஆப்பிள் நறுக்க, பார்சல் கட்டைப் பிரிக்க, நூல் அறுக்க அது உதவும். விரித்த அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் மெல்லத் தட்டிப் பாருங்கள், விரல்களை அலகின் வழியில் வைக்காமல். மடங்கிக்கொண்டால் பூட்டு நம்பத்தக்கதன்று. அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளட்டும், எவரையும் காயப்படுத்திவிடாதிருக்க, என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக புகாரியில் காண்கிறோம். விளையாட்டாகக்கூட ஆயுதத்தை ஒருவர் பக்கம் நீட்ட வேண்டாம் என்றும் தடுத்திருக்கிறார்கள். கத்தியை மற்றவரிடம் கொடுக்கும்போது பிடி அவர் பக்கம் இருக்கட்டும் என்று நம் பாட்டிமார்கள் சொன்னதும் இந்தப் பண்பையொட்டியதே. விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது. மெட்ரோ ரயில் நிலையத்திலும் பையைச் சோதிப்பார்கள். சுவிட்சர்லாந்தில் பேனாக்கத்தி செய்து உலகப் புகழ்பெற்ற விக்டோரினாக்ஸ் நிறுவனமே, பல நாடுகளின் சட்டங்கள் இறுகி வருவதைக் கண்டு, அலகே இல்லாத கருவிகளை உருவாக்கி வருவதாக 2024இல் அறிவித்தது.

பிள்ளைகளை மேற்படிப்புக்கு இங்கிலாந்துக்கு அனுப்பும் பெற்றோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அங்கே பெப்பர் ஸ்பிரே வைத்திருப்பது துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் குற்றம். "தற்காப்புக்கு" என்பது பொது இடத்தில் கத்தி வைத்திருக்க ஏற்கத்தக்க காரணம் ஆகாது. மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு மட்டுமே விலக்கு உண்டு. இங்கே நல்லது என்று நாம் தேடுகிற பூட்டுதான் அங்கே குற்றத்தில் சேர்க்கிறது! எனவே மகளின் பெட்டியைக் கட்டும்போது, ஊறுகாய்ப் புட்டிக்கும் நார்த்தங்காய்க்கும் நடுவே அன்போடு செருகிவைத்த குப்பியையோ கத்தியையோ எடுத்துவிடுங்கள். இழுத்தால் அலறும் சிறிய ஒலியெழுப்பிகள் அங்கே கடைகளில் கிடைக்கின்றன. போய் இறங்கியதும் ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும்.